எண்ணெய் விளக்கும் அகலக்கோண லென்சும்: நெய்யாற்றங்கரை இரவுகளை ஒளிப்படம் எப்போது கண்டது?

1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில், நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில், ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார் நாராயண குரு. திருவிதாங்கூரின் சமூக வரலாறு இரண்டாகப் பிரியும் இடங்களுள் ஒன்று அது. அந்நிகழ்வுக்கு வாய்மொழி நினைவு உண்டு. வாழ்க்கை வரலாறுகள் உண்டு. பிற்கால ஓவியங்களும் உண்டு. ஒளிப்படம் இல்லை. இதற்குச் சமூகக் காரணம் கூறுவது எளிது. ஒடுக்கப்பட்ட மக்களின் ஆற்றங்கரைக் கூட்டத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அன்று யார் போயிருப்பார்? ஆனால் அந்தக் காரணத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. அங்கே ஒரு கேமரா நின்றிருந்தாலும் படம் விழுந்திருக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அக்காலத்து ஜெலட்டின் உலர்தகடுகளின் உணர்திறன் இன்றைய அளவில் ஐ.எஸ்.ஓ. பத்தைச் சுற்றியே நின்றது. காட்சிகளை எடுக்கப் பயன்பட்ட லென்சுகள் எஃப் 8 அளவிலேயே ஒழுங்காக வேலை செய்தன. விளக்குச் சுடருக்கு மிக அருகில் இருக்கும் ஒரு முகத்தை அந்தத் தகட்டில் பதிக்க அரை நிமிடத்துக்கும் மேல் ஷட்டரைத் திறந்து வைத்திருக்க வேண்டும். விளக்கிலிருந்து நான்கு அடி தள்ளி நிற்பவருக்குப் பல நிமிடங்கள் வேண்டும். கூட்டம் அசையும், சுடரும் அசையும். மக்னீசியத் தூள் கலந்த பிளாஷ் பொடியை ஜெர்மனியில் கெய்டிக்கேயும் மீத்தேயும் 1887இல்தான் உருவாக்கினர். நியூயார்க் சேரிகளின் இருண்ட அறைகளை ஜேக்கப் ரீஸ் அதைக்கொண்டு எடுத்து, 1890இல் நூலாக வெளியிட்டார். அந்தப் படங்களில் மனிதர்கள் திடுக்கிட்டு விழித்த கண்களுடன் இருக்கிறார்கள். பிளாஷ் பொடி இருட்டைப் படம் பிடிப்பதில்லை. இருட்டை விரட்டிவிட்டு, அது இருந்த இடத்தைப் படம் பிடிக்கிறது. இந்த வேறுபாடு வரலாற்று மாணவர்களுக்கு முக்கியமானது.

ஆகவே, தென் திருவிதாங்கூரின் ஒளிப்பட ஆவணம் தொடக்கத்திலிருந்தே பகலின் ஆவணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசுக்காகப் பணியாற்றிய சக்கரியாஸ் டி குரூஸ் போன்றோர் விட்டுச் சென்றவை அரண்மனைகள், பாலங்கள், அருவிகள், கோயில் கோபுரங்கள், வெயிலில் வரிசையாக நிறுத்தப்பட்ட மனிதர்கள். லண்டன் மிஷன் சங்கத்தின் பணித்தலமாகப் பாறசாலை நெடுங்காலம் இருந்தது. மிஷனரிகளின் நூல்களில் வரும் படங்களும் அதே வெயிலில் நிற்பவைதான். இவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்நிலத்தின் வாழ்வு காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு முடிந்துவிட்டதைப் போலத் தோன்றும்.

உண்மை வேறு. பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, விளவங்கோடு என நீளும் பகுதியில் பண்பாட்டு வாழ்வின் கனமான பகுதி பொழுது சாய்ந்த பிறகே தொடங்குகிறது. இசக்கியம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் எடுக்கும் கொடைகளில் வில்லுப்பாட்டு இரவெல்லாம் நடக்கும். மலையாளத்தில் அதற்கு வில்லடிச்சான் பாட்டு என்று பெயர். தெக்கன் பாட்டுகளின் மொழியைத் தமிழ் என்பதா, மலையாளம் என்பதா என்ற சிக்கல் அறிஞர்களுக்கு உண்டு. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒருபோதும் இருந்ததில்லை. கோயில் திருவிழாக்களில் கதகளி இரவு தொடங்கி விடியலில் முடியும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எல்லை விழுந்தது. அந்த எல்லையை வகுத்தவர்கள் மக்கள்தொகைக் கணக்கையும் மொழிவாரி விழுக்காட்டையும் வைத்து வாதிட்டனர். அவை பகலில் எண்ணப்பட்டவை. ஒரே வில்லுப்பாட்டைக் கேட்க இரு பக்கத்து ஊரார் ஒரே பாயில் உட்கார்ந்த இரவுகள் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. அவற்றைக் காட்டக்கூடிய படங்களும் அன்று அரிது.

ஒரு தற்செயல் ஒற்றுமையைக் குறிப்பிட வேண்டும். எல்லை விழுந்த அதே 1956இல், அந்த இரவுகளைப் பிளாஷ் இன்றி எடுக்கக்கூடிய கருவிகள் ஜப்பானிலிருந்து சந்தைக்கு வந்தன. நிக்கான் தன் ரேஞ்ச்பைண்டர் கேமராவுக்காக 3.5 செ.மீ. எஃப் 1.8 நிக்கோர் லென்சை வெளியிட்டது. கேனன் 35 மி.மீ. எஃப் 1.8 லென்சை வெளியிட்டது. அகலக்கோணமும் ஒளிவேகமும் ஒரே குழலில் சேர்ந்த தலைமுறையின் தொடக்கம் அது. ஏன் அதற்கு அவ்வளவு காலம் ஆனது?

ஒளிவேகம் மட்டும் என்றால் அது 1920களிலேயே வந்துவிட்டது. டிரெஸ்டனின் எர்னமான் நிறுவனம் 1924இல் எர்மனாக்ஸ் என்ற சிறு கேமராவை வெளியிட்டது. லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த எஃப் 2 எர்னோஸ்டார் லென்ஸ் அதில் இருந்தது. பின்னர் அது எஃப் 1.8 ஆனது. எரிக் சாலமன் அந்தக் கேமராவோடு நீதிமன்றங்களுக்குள்ளும் இராஜதந்திரிகளின் நள்ளிரவுக் கூட்டங்களுக்குள்ளும் நுழைந்தார். ஆயினும் அது கண்ணாடித் தகட்டுக் கேமரா. ஒரு படம் எடுத்ததும் தகட்டை மாற்ற வேண்டும். 35 மி.மீ. பிலிமுக்கான லைக்கா 1925இல் வந்தது. தூரமானியோடு லென்சின் குவியத்தை இணைத்த லைக்கா இரண்டும் சைஸ் நிறுவனத்தின் கான்டாக்சும் 1932இல் வந்தன. அதே பெர்ட்டெலே கான்டாக்சுக்கு 5 செ.மீ. எஃப் 1.5 சோனார் லென்சைத் தந்தார். எனவே 50 மி.மீ. நீளத்தில் இரவு வசப்பட்டது. ஆனால் அகலக்கோணத்தில் நிலைமை பின்தங்கியே இருந்தது. 1930இல் வந்த 3.5 செ.மீ. எல்மாரின் உச்ச அளவு எஃப் 3.5. பெர்ட்டெலேயின் 3.5 செ.மீ. பயோகான் எஃப் 2.8ஐ எட்டியது. 1935இல் வந்த 2.8 செ.மீ. ஹெக்டாரோ எஃப் 6.3இல் நின்றது.

காரணம் வடிவியலில் இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகை பார்க்கிறது, 35 மி.மீ. லென்ஸ் 63 பாகை, 28 மி.மீ. லென்ஸ் 75 பாகை. கோணம் அகல அகல, மூலைகளுக்குச் செல்லும் ஒளி சாய்வாக விழுந்து இயல்பாகவே குறைகிறது. 35 மி.மீ. லென்சில் மூலைக்கு வருவது நடுவில் விழும் ஒளியில் பாதிதான்; 28இல் ஐந்தில் இரண்டு பங்கு. அத்துடன் துளையைப் பெரிதாக்கினால் சாய்ந்த கதிர்கள் ஒரு புள்ளியில் கூடாமல் சிதறும். சிதறலைத் திருத்தக் கூடுதல் கண்ணாடிகள் வேண்டும். கூடுதல் கண்ணாடி என்றால் கூடுதல் பரப்புகள். பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பும் நான்கு விழுக்காட்டுக்குக் குறையாத ஒளியைத் திருப்பி அனுப்பும். பன்னிரண்டு பரப்புகள் கொண்ட லென்சில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு ஒளி பிலிமில் படமாகச் சேராது. அதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். சைஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா 1935இல் எதிரொளி தடுக்கும் பூச்சைக் கண்டறிந்தார். போருக்குப் பின் அது பொதுவழக்கானது. புதிய ஒளியியல் கண்ணாடிகளும் கைக்கு வந்தன. இவ்விரண்டும் சேர்ந்த பிறகே வேகமான அகலக்கோணம் சாத்தியமாயிற்று.

பிறகு அடுத்தடுத்து வந்தன. லைட்ஸ் நிறுவனம் 1957இல் 35 மி.மீ. சட்டக்கோடுகளை வியூஃபைண்டரிலேயே காட்டும் லைக்கா எம்2வை வெளியிட்டு, 1958இல் அதற்குத் துணையாக 35 மி.மீ. எஃப் 2 சம்மிக்ரானைத் தந்தது. அதே ஆண்டில் கேனன் எஃப் 1.5 வரை சென்றது. 1961இல் எஃப் 1.4 சம்மிலக்ஸ் வந்தது. 1962இல் கேனன் தன் வேகப் போட்டியைச் சற்றே தளர்த்திக்கொண்டு, சிறிய, நேர்த்தியான எஃப் 2 லென்சை வெளியிட்டது. கொடாக்கின் ட்ரை-எக்ஸ் பிலிம் 1954 முதலே 35 மி.மீ. சுருளில் கிடைத்துவந்தது. லென்சும் பிலிமும் சந்தித்த அந்தப் பத்தாண்டில்தான் விளக்கொளி, விளக்கொளியாகவே பதிவாகத் தொடங்கியது.

ரேஞ்ச்பைண்டர் ஏன் என்ற கேள்வியும் இங்கே எழும். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்சின் வழியாகவே பார்க்கிறோம். இருட்டில் குவியத் திரை மங்கிவிடும், அகலக்கோணத்தில் எது கூர்மை என்று கண்ணுக்குத் தெரியாது. ரேஞ்ச்பைண்டரில் பார்வைச் சாளரம் லென்சைச் சார்ந்ததன்று. இரட்டைப் பிம்பத்தை ஒன்றாக்கும் துல்லியம் 28க்கும் 50க்கும் ஒன்றே. விளக்கின் சுடரோ கிரீடத்தின் விளிம்போ கிடைத்தால் போதும். ஒரு நொடியில் குவியம் அமையும். மேலெழும் கண்ணாடி இல்லாததால் அதிர்வும் குறைவு. கண்ணாடிக்கு இடம் விடத் தேவையில்லாததால் லென்சின் பின்பகுதி பிலிமை நெருங்கி அமரலாம். அகலக்கோணத்தைச் சமச்சீர் வடிவில் சிறிதாகச் செய்ய முடிந்தது அதனால்தான். சத்தமும் மெல்லியது. செண்டை முழங்கும் இடத்தில் அது பொருட்டல்ல. வில்லுப்பாட்டுப் புலவர் குரலைத் தாழ்த்தி வரத்துக் கதை சொல்லும் இடத்தில் பெரிதும் பொருட்டு.

இனி லென்ஸ்களை இந்த நிலத்தின் இரவில் நிறுத்திப் பார்க்கலாம். கதகளி அரங்கின் முன்னே எரியும் ஆட்டவிளக்குக்கு அருகே வரும் நடிகரின் முகத்தில் விழும் ஒளி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெரியும் முகத்தின் ஒளிக்கு நிகர் என்று வைத்துக்கொண்டால், ஐ.எஸ்.ஓ. 400 பிலிமுக்கு எஃப் 3.5இல் ஐந்தில் ஒரு நொடி வேண்டும். எஃப் 2.8இல் எட்டில் ஒன்று. எஃப் 2இல் பதினாறில் ஒன்று, எஃப் 1.4இல் முப்பத்திரண்டில் ஒன்று. திரைச்சீலையைத் தாழ்த்தி நடிகர் கண்ணைச் சுழற்றும் திரநோட்டத்தில் ஐந்தில் ஒரு நொடி என்பது முகமே இல்லாத ஒரு கலங்கல். பதினாறில் ஒரு நொடியில் முகம் நிற்கும், விரல்கள் கரையும். முப்பத்திரண்டில் விரல் முத்திரையும் பெரும்பாலும் நிற்கும். எல்மாருக்கும் சம்மிலக்சுக்கும் நடுவே உள்ள அந்த இரண்டரைப் படிகள், நிகழ்த்துகலை ஆய்வாளருக்குப் படிக்கக்கூடிய முத்திரைக்கும் படிக்க முடியாத முத்திரைக்கும் இடையிலான தூரம்.

அப்படியானால் எஃப் 1.4 என்று முடித்துவிடலாமா? பழைய லென்ஸ்களைத் தேடும் மாணவர்கள் பெரும்பாலும் அங்கேதான் முடிக்கிறார்கள். துளை எண்ணைப் பார்த்து லென்ஸ் வாங்குவது, பக்க எண்ணிக்கையைப் பார்த்து நூல் வாங்குவதைப் போன்றது. பழைய சம்மிலக்சை முழுத் துளையில் திறந்தால், ஒளிர்விடங்களைச் சுற்றி ஒரு மென்பனி படரும். கோளப்பிறழ்ச்சியின் விளைவு அது. சேகரிப்பாளர்கள் அதை ஒளிவட்டம் என்று கொண்டாடி விலையை ஏற்றிவிட்டார்கள். உருவப்படத்துக்கு அது அழகாகவே இருக்கலாம். ஆட்டவிளக்கின் இரு திரிகளும் சட்டகத்துக்குள் எரியும்போது, சுட்டியின் வெண்மையும் முகத்தின் பச்சையும் அந்தப் பனியில் ஒன்றோடொன்று கலந்துவிடும். வேடத்தின் வரிகளைப் படிக்க விரும்பும் ஆய்வாளருக்கு அந்த அழகால் பயனில்லை. கொடைப் பந்தலில் வேறொரு சிக்கல். மூலையில் தொங்கும் பெட்ரோமாக்சோ, சரவிளக்கின் சிறு குமிழ்களோ, அக்கால வேக லென்சுகளில் புள்ளியாக நிற்பதில்லை. சிறகு விரித்த பறவைபோல் இழுபடும். கோமா என்ற பிறழ்ச்சி இது. 1990களில் கோளமற்ற பரப்பு கொண்ட 35 மி.மீ. சம்மிலக்சுகள் வந்த பிறகே இது பெரிதும் அடங்கியது.

குவிய ஆழத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.4இல் கூர்மையாகக் காட்டும் ஆழம் ஏறத்தாழ 13 செ.மீ.; 35 மி.மீ. லென்ஸ் அதே எஃப் 1.4இல் 27 செ.மீ. காட்டும். எஃப் 2 என்றால் 39 செ.மீ.; 28 மி.மீ. எஃப் 2இல் 60 செ.மீ.யைத் தொடும். வில்லின் முன் அமர்ந்த புலவரும், அருகில் குடம் அடிப்பவரும், உடுக்கைக்காரரும் ஒரே தளத்தில் அமர்ந்திருப்பதில்லை. முதன்மைப் பாடகரை மட்டும் கூர்மையாக்கி மற்றவர்களைக் கரைத்துவிடும் படம், குழுக்கலையைத் தனிமனிதக் கலையாகத் திரித்துச் சொல்லிவிடும். அகலக்கோணத்தின் தேவை இடநெருக்கடியால் மட்டும் வருவதன்று. அரைகுறை ஒளியிலும் பலரைச் சேர்த்துக் காட்டும் நேர்மைக்காகவும் அது வேண்டியிருக்கிறது.

இடநெருக்கடிக்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே இருக்கிறது. பாலராமவர்மர் (ஆட்சி 1798–1810) காலத்தில் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து வந்து குடியமர்ந்த சாலியர்களின் ஊர் பாலராமபுரம். 2009இல் புவிசார் குறியீடு பெற்ற கசவுத் துணி அங்கேதான் நெய்யப்படுகிறது. வீட்டுக்குள்ளேயே குழித்தறி. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை இயக்குவார். தறியின் ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கம் ஒருவர் குந்தி உட்காரும் அளவு இடம். சிறு சன்னல் வழியே வரும் ஒளி பாவின் மேல் விழும். குழியின் உள்ளே, கால்கள் வேலை செய்யும் இடத்தில், நண்பகலிலும் இருட்டு. நெசவின் பாதி உழைப்பு அந்தக் குழிக்குள் நடக்கிறது. நெசவைப் பற்றிய படங்களில் கைகள் தவறாமல் வரும். கால்கள் ஏறக்குறைய வருவதேயில்லை. அழகியல் காரணம் என்று அதற்கு விளக்கம் சொல்பவர்கள் குழிக்குள் ஒருமுறை ஒளிமானியைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இந்த அறையில் லென்சைத் தேர்வது துளை எண்ணை விட வேறொரு எண்: மிகக் குறைந்த குவியத் தூரம். பழைய 35 மி.மீ. சம்மிலக்ஸ் ஒரு மீட்டருக்குக் கீழ் வராது. கேனனின் திருகுமறை லென்சுகளும் அப்படியே. நிக்கோர் 90 செ.மீ. வரை வரும். 1958இன் எட்டுக் கண்ணாடிச் சம்மிக்ரான் 70 செ.மீ. வரை நெருங்கும். சுவரில் முதுகைச் சாய்த்துக் குந்தியிருப்பவருக்கும் நெசவாளரின் கைக்கும் இடையே இருப்பதே முக்கால் மீட்டர்தான் என்றால், அரைப்படி, ஒருபடி ஒளி மிச்சம் என்பதெல்லாம் பொருளற்றுப் போகும். நாடா இடமிருந்து வலமாகப் பாயும்போது பதினைந்தில் ஒரு நொடியில் அது ஒரு கோடாகவே விழும், விழட்டும். ஊடை ஓடும் திசையைக் காட்டுவது அந்தக் கோடுதான். இங்கே எஃப் 2 லென்ஸ், எஃப் 1.4 லென்சைத் தெளிவாக வெல்கிறது.

ஆகவே, பழைய லென்ஸ் ஒன்றை மட்டுமே வாங்க வசதியுள்ள ஆய்வு மாணவருக்கு, 35 மி.மீ. எஃப் 2 வகையே தக்கது என்ற முடிவுக்கு வர இடமுண்டு. சம்மிக்ரானின் முதல் வடிவம் சேகரிப்பாளர் சந்தையில் சிக்கிவிட்டது. அதன் பிற்கால வடிவங்கள் சற்று அணுகத்தக்கவை. 1962இன் கேனன் எஃப் 2 இன்னும் குறைந்த விலையில், சிறிய உடலில், நல்ல வேறுபாட்டுத் திறனோடு கிடைக்கும். ஒரு மீட்டர் வரம்பை ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. கதகளி மட்டுமே ஆய்வுப்பொருள் என்றால் கணக்கு மாறும். அங்கே இடம் உண்டு, அசைவு அதிகம், எஃப் 1.4க்கு நியாயம் பிறக்கும்.

வாங்குவதற்கு முன் லென்சின் பின்புறம் கைவிளக்கைப் பிடித்து முன்வழியே பார்க்க வேண்டும் என்பது எங்கும் பொருந்தும் விதி. இந்த ஊர்களில் அது இருமடங்கு பொருந்தும். இடவப்பாதி மழையும் துலாமழையும் மாறி மாறிப் பெய்யும் நிலம் இது. கண்ணாடிகளுக்கு நடுவே சிலந்திவலைபோல் படரும் பூஞ்சை, கேரளத்திலும் குமரியிலும் லென்சின் இயற்கை மரணம். இலேசான பூஞ்சையைத் துடைத்துவிடலாம். பூச்சைத் தின்ற பூஞ்சை அடையாளத்தை விட்டே செல்லும். துளையிதழ்களின் எண்ணெய் ஆவியாகி உட்கண்ணாடியில் படியும் மங்கல் இன்னொன்று. கேனனின் பழைய லென்சுகள் சிலவற்றில் இது அடிக்கடி காணப்படும். பகல் படத்தில் அந்த மங்கல் தெரியாமலே போகலாம். சட்டகத்துக்குள் ஒரு சுடர் வந்ததும் படம் முழுவதும் பால் கொட்டியதுபோல் ஆகிவிடும். இரவுக்காக வாங்கும் லென்சைப் பகலில் சோதிப்பதில் பொருளில்லை.

இத்தகைய லென்சுகள் 1950களிலும் 60களிலும் பாறசாலைக்கு வந்துசேர்ந்தனவா? பெருமளவில் இல்லை. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் வெளிநாட்டுக் கேமராக்கள் ஆடம்பரப் பொருள்கள். உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் உற்பத்தியைத் தொடங்கியது. ஊர் ஸ்டுடியோக்காரரிடம் இருந்தது பெட்டிக் கேமராவும் பல்ப் பிளாஷும். விளக்கொளிப் படக்கலை இந்தியாவில் வேறு வழிகளில் நுழைந்தது. 1948 ஜனவரி 30 இரவு, பிர்லா மாளிகை வாயிலில் ஏறி நின்று காந்தியின் மரணத்தை நேரு அறிவித்ததைப் பிளாஷ் இல்லாமல் எடுத்தார் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன். விளக்கின் கூசலும் மங்கலும் நிறைந்த படம் அது. ஆனாலும் அந்த இரவின் நிலைகுலைவு முழுவதும் அதில் இருக்கிறது. அதே காலத்தில் டெல்லியில் ஹோமாய் வியாரவாலா பிளாஷ் விளக்குடன் எடுத்த செய்திப் படங்கள் தெளிவானவை, தகவல் நிறைந்தவை. இரண்டில் எது மேல் என்று கேட்பது வீண். இரண்டும் வெவ்வேறு வகைச் சான்றுகள். 1950இல் திருவண்ணாமலையில் ரமணரின் இறுதி நாட்களையும் கார்த்தியே-பிரெசோன் பதிவுசெய்தார்.

இன்னும் பொருத்தமான முன்னோடி கொல்கத்தாவின் நிமாய் கோஷ். நாடக நடிகரான அவர் கையில் தற்செயலாக ஒரு கேனனெட் வந்து சேர்ந்தது. லென்சைக் கழற்ற முடியாத, எஃப் 1.7 துளை கொண்ட எளிய ரேஞ்ச்பைண்டர். 1968இல் சத்யஜித் ராயின் படப்பிடிப்புக்கு அதை எடுத்துச் சென்றவர், பிறகு இருபதாண்டுகளுக்கும் மேலாக ராயின் நிழலாகவே இருந்தார். பிளாஷைத் தவிர்த்து, இருக்கும் ஒளியிலேயே எடுப்பது அவர் முறை. விலையுயர்ந்த லென்சல்ல, ஒளிக்குப் பணியும் பொறுமையே அவர் முதல். வளைகுடாவுக்குச் சென்றவர்கள் 1970களில் ஊருக்குக் கொண்டுவந்த ஜப்பானியக் கேமராக்களிலும் இத்தகைய எஃப் 1.7 ரேஞ்ச்பைண்டர்கள் இருந்தன. யாஷிகா எலக்ட்ரோ 35 அவற்றுள் ஒன்று. அவற்றின் 45 மி.மீ. கோணம் கொடைப் பந்தலுக்குப் போதும், குழித்தறிக்குப் போதாது. எல்லையின் இரு பக்கத்து வீடுகளிலும் அலமாரிக்குள் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் அக்கேமராக்களின் நெகடிவ்களில், வரலாற்றுத் துறைகள் இன்னும் தேடாத இரவுகள் சில இருக்கக்கூடும். கல்யாண ஆல்பங்களைப் புரட்டும் கள ஆய்வாளர் அவற்றின் கடைசிப் பக்கங்களையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. சுருளில் மிஞ்சிய இரண்டு மூன்று படங்களில்தான் கொடையும் கூத்தும் வந்து விழும்.

இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் ஐ.எஸ்.ஓ. 6400 எளிதாகிவிட்டது, எஃப் 3.5 லென்சாலும் இரவை எடுக்கலாம். வேக லென்சின் பழைய கட்டாயம் தளர்ந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் வேறு இரண்டு சிக்கல்கள் முளைத்துள்ளன. பழைய லென்சின் உள்எதிரொளி, பிலிமின் கருநிழல்களைச் சற்றே தூக்கி விட்டது. டிஜிட்டலில் அது வெறும் வெளிறல்தான், நிழலில் தகவல் கூடுவதில்லை. அந்த வெளிறலை மென்மை என்று பெயரிட்டு ஆவணத்தில் சேர்ப்பது தவறான சான்றைச் சேர்ப்பதாகும். மற்றொன்று நிறம். எண்ணெய்ச் சுடரின் ஒளி செம்மஞ்சள். அதன் நிறவெப்பம் 1900 கெல்வினை ஒட்டியது. கேமராவின் தானியங்கி வெண்சமநிலை அதைத் திருத்தப் பார்க்கும். கதகளியின் பச்சையும் கசவின் பொன்னும் அந்தச் செம்மஞ்சள் ஒளியில் பார்ப்பதற்காகவே பல தலைமுறைகளாகச் செப்பனிடப்பட்டவை. வெண்சமநிலையைப் பகலொளி அளவில் பூட்டி வைத்தால் படம் மிகையாகச் சிவக்கும். 3000 கெல்வினை ஒட்டி வைத்தால் கண் கண்டதற்கு அருகில் வரும். எந்த அளவில் எடுக்கப்பட்டது என்பதைப் படத்தோடு எழுதி வைக்க வேண்டும், துளை எண்ணையும் ஷட்டரையும் எழுதி வைப்பதைப் போல.

கோயில் அரங்குகளில் ஆட்டவிளக்குக்கு மேலே எல்.இ.டி. விளக்குகள் ஏறிவிட்டன. ஒளி கூடிவிட்டதால் படம் எடுப்பது எளிதாகிவிட்டது. சுடர் இருக்கிறது, அதன் வெளிச்சம் முகத்தில் விழுவதில்லை. பாலராமபுரத்தின் அறைகளிலோ ஒரு குழல்விளக்கு கூரையில் எரிகிறது. குழிக்குள் இன்னும் இருட்டுதான்.